ரோலரில் உருண்டால் ஸ்குவாட் எடை ஏறுமா?

உங்கள் கேள்வியில் மூன்று நான்கு கேள்விகள் கலந்திருக்கின்றன, முதலில் பிரித்துக்கொள்கிறேன். இரண்டு வருடமாக வேளச்சேரியில் ஒரு ஜிம்மில் பவர்லிஃப்டிங் பயிற்சி, 63 கிலோ பிரிவு, ஸ்குவாட் (தோளில் பாரை வைத்து உட்கார்ந்து எழுவது) சில மாதமாக 90 கிலோவிலேயே நிற்கிறது. பெண்களின் தசையுறை (தசையைப் போர்த்தியிருக்கும் உறை) வேறு மாதிரி, தினமும் இருபது நிமிடம் ஃபோம் ரோலர் என்ற உருளையிலும் பந்திலும் தேய்த்தால் அடைபட்டிருக்கும் பலம் வெளியே வரும் என்று ஒரு ரீல்ஸில் பார்த்து இரண்டையும் வாங்கிவிட்டீர்கள். எந்த இடத்தில், எத்தனை நிமிடம், தூக்குவதற்கு முன்பா பின்பா, மாதவிடாய் நாளில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், உருண்டுவிட்டு வந்த நாளில் பார் லேசாக இருப்பது போலத் தோன்றுகிறது, அது நிஜமா என்றும் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். எடை தூக்கும் பெண்கள் என்னிடம் வருவது பெரும்பாலும் தோள்பட்டை, இடுப்பு, முழங்கால் வலிக்காக. அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்து நேராகவே சொல்கிறேன்: தசையை அழுத்தித் தேய்ப்பதால் பலம் வளராது. மூளை ஒரே நேரத்தில் எத்தனை தசை நார்களை வேலைக்கு இழுக்கிறது, அந்த நார்கள் எவ்வளவு பருமன், அந்த அசைவில் உங்களுக்கு எவ்வளவு பழக்கம், பலம் என்பது இவற்றின் கூட்டு. மூன்றும் வளர பாரில் எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், சாப்பாடும் தூக்கமும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ரோலர் இந்த மூன்றில் எதையும் நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் பார் லேசாகத் தோன்றியது பொய் என்று சொல்ல மாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து வருகிறேன். ரோலரில் உருண்டவுடன் அந்த மூட்டு முன்பைவிடக் கூடுதலாக மடங்கும், நீளும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள மெமோரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முன்தொடையில் ஒரு நிமிடம் வீதம் இரண்டு முறை உருட்டிய பிறகு, இரண்டாவது நிமிடத்தில் முழங்கால் மடங்கும் அளவு சுமார் 10 டிகிரி கூடியிருந்தது, பத்தாவது நிமிடத்தில் 8 டிகிரி. தசையின் விசை குறையவில்லை. இது முக்கியம், ஏனென்றால் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்து ஸ்ட்ரெச் செய்தால் அடுத்த சில நிமிடங்களுக்கு அதன் பலம் சற்று இறங்கும் என்பது பலமுறை பார்க்கப்பட்ட விஷயம். ரோலரில் அந்தச் செலவு இல்லாமலேயே அசைவு கிடைக்கிறது. ஆனால் விசை கூடவும் இல்லை, அதைக் கவனியுங்கள், குறையவில்லை, அவ்வளவுதான். கிடைத்த அசைவும் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்குப் போய்விடும்.

இது ஏன் நடக்கிறது என்பதில்தான் ரீல்ஸ்காரர்கள் கதை விடுகிறார்கள். தசையுறை ஒட்டிக்கிடக்கிறது, உருட்டினால் அது பிரிந்து இளகுகிறது என்பார்கள். தசையுறை சப்பாத்தி மாவு இல்லை. தொடையின் வெளிப்பக்கத்தில் ஓடும் கெட்டியான உறையையும் உள்ளங்கால் உறையையும் ஒரு சதவீதம் அளவுக்கு உருமாற்றவே மனிதக் கையால் தர முடியாத அளவு பெரிய விசை வேண்டும் என்று 2008 இல் ஒரு கணித மாதிரி கணக்குப் போட்டுக் காட்டியது. அப்புறம் இன்னொரு வேடிக்கை: ஒரு காலை உருட்டினால் தொடாத இன்னொரு காலிலும் அசைவு கொஞ்சம் கூடுகிறது, அழுத்தினால் வரும் வலி குறைகிறது. திசு இளகியதுதான் காரணம் என்றால் தொடாத கால் ஏன் மாற வேண்டும்? ஆக மாற்றம் பெரும்பகுதி நரம்பு மண்டலத்தில். இழுக்கும்போது இவ்வளவு வரை தாங்கலாம் என்று மூளை வைத்திருக்கும் எல்லை தற்காலிகமாகத் தளர்கிறது. நீங்கள் சொன்ன அந்த லேசான உணர்வும் இந்தத் தளர்வுதான். கீழே இறங்கும்போது பிடித்து இழுக்கிற தொந்தரவு குறைந்தால் பார் லேசாகத் தோன்றத்தான் செய்யும். அதனால் 90 கிலோ 95 ஆகிவிடுமா என்றால், ஆகாது.

நிச்சயம் என்று சொல்லக்கூடிய இரண்டாவது விஷயம், மறுநாள் வலி. கனமாக ஸ்குவாட் செய்த மறுநாள் கழிப்பறையில் உட்காரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்குமே, அந்த வலி உருட்டினால் கொஞ்சம் குறைகிறது. 2015 இல் வந்த ஆய்வு ஒன்றில், அதிகபட்ச எடையில் 60 சதவீதத்தை வைத்துப் பத்துப் பத்தாகப் பத்து செட் ஸ்குவாட் போடவைத்து, முடிந்தவுடனும் அடுத்த இரண்டு நாளும் 20 நிமிடம் உருட்டச் சொன்னார்கள். வலி குறைந்தது, ஓட்டமும் தாவலும் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தன. ஆனால் அளவு எவ்வளவு? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொல்வது: உடற்பயிற்சிக்கு முன் உருட்டினால் உடல் வளைவது சுமார் 4 சதவீதம் கூடும், குறுகிய ஓட்டத்தில் 0.7 சதவீதம் முன்னேற்றம், பலத்தில் கணக்கில் எடுக்கும்படி எதுவும் இல்லை. பின்னால் உருட்டினால் வலி உணர்வு சுமார் 6 சதவீதம் குறையும். ஆக, வலி குறைந்ததால் வியாழக்கிழமை செஷனை நீங்கள் விடாமல் போனீர்கள் என்றால், பல மாதத்தில் அது பலமாக மாறலாம். ரோலருக்கும் பலத்துக்கும் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சொந்தம் இந்தச் சுற்றுவழிதான். அதையும் நீண்ட காலம் கவனித்து உறுதிப்படுத்தியவர்கள் கிட்டத்தட்ட இல்லை, அதனால் "மாறலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி பெண்கள் விஷயம். மேலே சொன்ன 2013 ஆய்வில் இருந்தது 11 பேர், எல்லோரும் ஆண்கள். 2015 ஆய்வில் 8 பேர், அவர்களும் ஆண்கள். பெண்களின் தசையுறைக்கு இது தனியாக வேலை செய்யும் என்று கேமரா முன்னால் நின்று அடித்துச் சொல்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெண்களிடம் எடைப்பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் நன்றாகவே தெரியும்: சதவீதக் கணக்கில் பார்த்தால் ஆண்களுக்கு எவ்வளவு பலம் கூடுகிறதோ அதே அளவு பெண்களுக்கும் கூடுகிறது, மேலுடம்பில் சில நேரம் அதைவிடக் கூடுதலாகவே. அதற்குத் தனி மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

உண்மையில் பெண்களிடம் அதிகம் காணப்படுவது தசையுறை ஒட்டிக்கிடப்பதற்கு நேர் எதிரான விஷயம், மூட்டுகள் இயல்பிலேயே அளவுக்கு மீறி வளைவது. என்னிடம் வரும் பெண்களில் சின்ன வயதில் பரதநாட்டியம் கற்றவர்கள் கணிசம், மயிலாப்பூர் பக்கம் கேட்கவே வேண்டாம். அப்படி ஒருவர், அரைமண்டியில் வளர்ந்த உடம்பு, ஸ்குவாட்டில் அடிவரை சர்ரென்று இறங்குவார், நிற்கும்போது முழங்கால் பின்பக்கமாக வில் போல வளையும். அவருடைய புகார் பின்தொடை எப்போதும் இறுக்கமாக இருக்கிறது என்பது. தினமும் அரை மணி நேரம் ரோலர். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தால் அது காதுப்பக்கம் வரை போகிறது! இறுக்கம் என்று தோன்றுவதெல்லாம் தசை குட்டையாக இருப்பதால் வருவதில்லை. தளர்ந்த மூட்டைக் காக்கிற வேலையில் தசை ஓயாமல் விழித்திருப்பதும் அப்படித்தான் தோன்றும். அவருக்கு ரோலரைக் குறைத்துவிட்டு, அடியில் இரண்டு விநாடி நின்று எழும் ஸ்குவாட்டும், மெதுவாக இறங்கும் ருமேனியன் டெட்லிஃப்டும் (முழங்காலை அதிகம் மடக்காமல், இடுப்பை மடக்கி எடையை இறக்கி எழுவது) கொடுத்தோம், இறுக்கம் பற்றிய பேச்சு தானாகக் குறைந்தது. நீங்களும் குனிந்து முழங்கால் மடக்காமல் உள்ளங்கையைத் தரையில் பதிக்கிற ஆள் என்றால், அசைவுக்காக உருட்டுவதில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

சரி, யாருக்குப் பயன்படும்? கணுக்கால் மடங்காதவர்களுக்கு. போட்டியில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேல்பகுதியைவிடக் கீழே போனால்தான் நடுவர் வெள்ளை விளக்கு போடுவார், அதாவது தூக்கியது செல்லும். கணுக்கால் மடங்காவிட்டால் குதிகால் எழும்பும், இல்லையென்றால் உடம்பு முன்னால் சாயும், 90 கிலோ இடுப்பில் வந்து உட்காரும். இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள், கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் சுமார் 10 செ.மீ. இடைவெளி. குதிகால் தரையை விடாமல் முழங்கால் சுவரைத் தொடுகிறதா? தொட்டால் கணுக்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடவில்லை என்றால் கெண்டைக்காலை ஒரு நிமிடம் வீதம் இரண்டு முறை உருட்டுங்கள். அவசரமில்லாமல், அடியிலிருந்து முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வரை, நோகிற இடத்தில் ஐந்தாறு மூச்சு நின்று, பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டு. வலி பத்துக்கு ஆறு ஏழைத் தாண்டக் கூடாது, பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் அதிகமாக அழுத்துகிறீர்கள். பிறகு மறுபடி சுவர்ச் சோதனை. முன்னேற்றம் தெரிந்தால் சூடு ஆறுவதற்குள் வெறும் ஸ்குவாட், பிறகு வெறும் பார், பிறகு எடை. அந்தச் சில நிமிடத்தில் கிடைத்த ஆழத்தை எடையோடு பழக்கினால்தான் அது உங்கள் சொத்தாகும். இரண்டு மூன்று வாரம் செய்தும் சுவர் எட்டவில்லை, கணுக்காலின் முன்பக்கத்தில் எலும்பு முட்டுவது போல இருக்கிறது என்றால் பிரச்சினை தசையில் இல்லை. குதி உயர்ந்த லிஃப்டிங் ஷூ வாங்குவது அந்த நேரத்தில் பல மாத ரோலரைவிட மேல்.

இதில் நம்ம ஊர்ச் சங்கடம் ஒன்று இருக்கிறது. ஆண்கள் நிறைந்த ஜிம்மில் தரையில் மல்லாந்து, குப்புறப் படுத்து உருள்வதற்குப் பல பெண்களுக்குக் கூச்சம், அதனால் வீட்டிலேயே முடித்துவிட்டு வருகிறார்கள். வீட்டில் கிடைத்த பத்து டிகிரி ஜிம்முக்கு வரும் வழியில் விஜயநகர் சிக்னலிலேயே கரைந்துவிடும். அதற்குப் பதிலாகக் கெண்டைக்காலுக்கும் முன்தொடைக்கும் பெஞ்சில் உட்கார்ந்தபடி சப்பாத்திக் கட்டையால் உருட்டலாம், கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். மேல்முதுகுக்கும் புட்டத்துக்கும் நின்றபடியே சுவருக்கும் உடம்புக்கும் நடுவில் பந்தை வைத்து அழுத்தலாம். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு (படுத்தபடி பாரை மேலே தள்ளுவது) முன் நெஞ்சின் மேல்பகுதி, காறை எலும்புக்குக் கீழே, தோளை ஒட்டிய இடம் போதும். மார்பகத் திசுவின் மேலும் அக்குளுக்குள்ளும் பந்து போகக் கூடாது. விரலில் சுருக்கென்று மின்சாரம் ஓடினாலோ மரத்தாலோ நரம்பை நசுக்குகிறீர்கள், உடனே எடுத்துவிடுங்கள். மொத்தமும் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இருபது நிமிடமெல்லாம் வேண்டாம்.

அந்த இருபது நிமிடத்தை வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 140 நிமிடம், இரண்டு நல்ல செஷனுக்கான நேரம். மாதக்கணக்கில் நிற்கும் ஸ்குவாட்டைப் பற்றி என்னிடம் நேரில் கேட்டிருந்தால் ரோலரைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டேன். காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பி மதியம் தயிர் சாதத்தில் முடிக்கிறீர்களா என்று கேட்டிருப்பேன். உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் என்பது பலம் வளர்ப்பவர்களுக்கு நிலைபெற்ற கணக்கு, 63 கிலோவுக்கு அது 100 கிராம் பக்கம் வரும். முட்டை, மீன், கோழி, பனீர், சோயா, சுண்டல் என்று திட்டம் போட்டுச் சாப்பிட்டால்தான் அந்த எண் வரும், சாம்பார் பருப்பை நம்பினால் வராது. அடுத்தது ரத்தம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புக் கையிருப்பு வற்றியிருக்கலாம், ஆகவே அந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது செட்டிலேயே மூச்சு வாங்குகிறது, படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, மாதவிடாயில் போக்கு அதிகம் என்றால் இது முதல் வேலை. மாதவிடாய் நின்றே போனாலோ தள்ளித் தள்ளி வந்தாலோ எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டைக் குறைத்ததன் விளைவாக இருக்கலாம். பயிற்சி நன்றாகப் போவதன் அடையாளம் என்று சில மாஸ்டர்கள் சொல்வதை நம்பாமல் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

மாதவிடாய் நாளில் உருட்டலாமா என்றால் தாராளமாக, வயிற்றைத் தவிர. அந்த நாட்களில் பலம் குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது, முதல் சில நாளில் சராசரியாக மிகச் சின்ன இறக்கம், ஆளுக்கு ஆள் வித்தியாசம் அதிகம். உங்கள் நோட்டில் எடைக்குப் பக்கத்தில் சுழற்சி நாளையும் குறித்துவந்தால் மூன்று மாதத்தில் உங்கள் கணக்கு உங்களுக்கே தெரியும். அதே நோட்டில் ரோலரையும் சோதித்துவிடலாம்: ஒரு வாரம் உருட்டி, ஒரு வாரம் உருட்டாமல், அதே எடை, பக்கவாட்டிலிருந்து போன் வீடியோ. ஆழத்திலும் பார் எழும் வேகத்திலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் ரோலரை மறுநாள் வலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் முதலில் கேட்பதில்லை. கனமாகத் தூக்கும்போது சிறுநீர் சொட்டுவது பவர்லிஃப்டிங் பெண்களிடம் சகஜம், பிள்ளை பெறாதவர்களிடமும் உண்டு. சொட்டிவிடும் என்ற பயத்தில் மூச்சைச் சரியாகப் பிடிக்காமல், வயிற்றை இறுக்காமல் தூக்குகிறவர்களின் ஸ்குவாட் அங்கேயே நின்றுவிடும். உள்தொடையில் பந்தை உருட்டி இது சரியாகாது. இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்கள் சென்னையில் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

உருட்டக் கூடாத இடங்கள்: கழுத்தின் முன்பக்கம், முழங்காலின் பின்குழி, இடுப்புக்கு நேர்மேல் உள்ள முதுகெலும்பு, எலும்பு துருத்தும் இடம், நரம்புச் சுருட்டல் உள்ள கால், கன்றிப்போன அல்லது புதிதாகக் கிழிந்த தசை. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலியோடு இருந்தால் சதைப் பிடிப்பு என்று நினைத்து உருட்டவே கூடாது, ரத்தக் கட்டியாக இருக்கலாம். கருத்தடை மாத்திரை எடுக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பமாக இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். உங்களை நேரில் பார்க்காமல் எந்த மூட்டு உங்களைத் தடுக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது, மேலே சொன்ன சுவர்ச் சோதனை ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

மசாஜ் கன் வாங்கலாமா என்று இதைப் படிக்கிற யாராவது கேட்பீர்கள். ரோலர் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது, விலைதான் பல மடங்கு. அந்தக் காசில் மாதம் முழுக்க முட்டை வாங்கலாம். வீட்டில் பாட்டி நல்லெண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடுகிறேன் என்றால் மறுக்காதீர்கள், வெள்ளிக்கிழமைக் குளியலோடு சேர்த்து அனுபவியுங்கள், வலிக்கு அதுவும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் சீயக்காய் போட்டு நன்றாகக் கழுவாமல் ஜிம்முக்கு வராதீர்கள், முதுகில் பார் வழுக்கும். போட்டியில் உடம்பில் எண்ணெய்ப் பசை இருப்பது விதிப்படியே தடை, பவுடர் போட்டுக்கொள்ள மட்டும்தான் அனுமதி.